பந்தா, வேலையா, படிப்பா: கல்கத்தாவின் மூன்று ஆட்டக்காரர்களும் ஒரு பிளஸ் ஒன் விண்ணப்பமும்

வியாசர்பாடியில் காலை ஆறு மணிக்குப் பையன்களுக்கு ஃபுட்பால் பயிற்சி கொடுக்கிறேன். மே மாதம் வந்துவிட்டால் பயிற்சி குறைந்து பெற்றோரோடு பேசுவது கூடிவிடும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருக்கும், பிளஸ் ஒன் விண்ணப்பம் கையில் இருக்கும். இந்த முறை வந்த அக்கா இட்லிக் கடையை மூடிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். முந்தானையில் மாவு காய்ந்திருந்தது. "தம்பி, இவன் நல்லா ஆடுறான்னு எல்லாரும் சொல்றீங்க. அதை வச்சு நான் என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்றீங்க" என்றார்.

நியாயமான கேள்வி. அவருடைய மகன் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். வயது 16. தலைக்கு மேல் வரும் பந்தை விடவே மாட்டான். அவனுக்காக மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். ஒருவர், பணம் கட்டினால் வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றாராம். இன்னொருவர், லீக் ஆடிக்கொண்டே இருக்கட்டும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிபார்ட்மென்ட் வேலை கிடைக்கும் என்றிருக்கிறார். பள்ளியில், ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதே மூன்று வழிகளிலும் நடந்து பார்த்த மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருமே அந்தக் காலத்துக் கல்கத்தாவின் நட்சத்திரங்கள்: முகமது சலீம், சைலேன் மன்னா, தாலிமெரன் ஆவோ. அக்காவிடம் அரைமணி நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆவோவைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். அவர் கதையைத்தான் நம் ஊரில் தப்பாகச் சொல்கிறார்கள்.

ஆவோ: படிப்பு

நாகா மலையில் மொகோக்சுங் பக்கம் சாங்கி என்ற கிராமம். 1918 ஜனவரி 28-ல் அங்கே பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள். அப்பா பாப்டிஸ்ட் சபையின் போதகர். குடும்பம் இம்பூர் மிஷன் வளாகத்துக்குக் குடிபோனது. மிஷன் மைதானத்தில் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை வெறுங்காலால் உதைத்துத்தான் ஆட்டம் பழகினார். அப்பா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. டைபாய்டுக்கு ஒரு தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் அந்த ஆசைக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்துக்கொண்டே அங்கே மகாராணா கிளப்புக்கு ஆடினார். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்றைய ஆர்.ஜி. கர் கல்லூரிதான் அது. கல்கத்தா போன அடுத்த வருடமே அந்த ஊரின் பெரிய கிளப்பான மோகன் பகானில் ஆடத் தொடங்கினார், பிறகு அதன் கேப்டனும் ஆனார். முதலில் ஃபார்வர்டாக இருந்தவர் பின்னால் இறங்கி, நடுவில் நின்று எதிரணியின் தாக்குதலை உடைக்கும் இடத்துக்கு வந்தார். நெடிய உருவம், தலையால் பந்தை வெல்லும் திறமை.

1948 லண்டன் ஒலிம்பிக், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக். ஜூலை 29-ல் வெம்ப்ளியில் தேசியக் கொடியை ஏந்திப் போனவர் ஆவோதான். இரண்டு நாள் கழித்து இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்ஸோடு மேட்ச். இந்திய அணியில் பெரும்பாலானவர்களுக்குக் காலில் பூட் கிடையாது. பிரான்ஸ் முதல் பாதியில் ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. 2-1. தோற்றவர்களுக்காகத்தான் கூட்டம் கை தட்டியது. ஏன் பூட் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று ஆவோ சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லோரும் பேசும் அந்தக் கட்டம். லண்டனின் ஆர்சனல் கிளப் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் தர முன்வந்தது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பி எம்பிபிஎஸ் முடித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் இதைச் சொல்பவர்கள், "பார்த்தீர்களா, ஃபுட்பாலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படித்தார்" என்று முடிப்பார்கள். அந்த முடிப்பைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

வருடங்களை எண்ணிப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1942. பட்டம் வாங்கியது 1950. எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில்தான் மோகன் பகானுக்கு ஆடினார், கேப்டனானார், நாட்டுக்கே கேப்டனாக ஒலிம்பிக் போனார். எதைத் தூக்கிப் போட்டார்? பந்தையும் விடவில்லை, புத்தகத்தையும் விடவில்லை. அதற்கு விலையாக வருடங்களைக் கொடுத்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1948-ல் அவருக்கு வயது 30. ஆர்சனல் அப்போதுதான் இங்கிலாந்து லீக்கை வென்றிருந்த அணி, பெயர் பெரியதுதான். ஆனால் அன்றைக்கு இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது: எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் சீசனில் வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் கிடையாது. இன்றைய ஆர்சனலை மனதில் வைத்துக்கொண்டு கோடிகளை உதறிவிட்டு வந்தார் என்று சொல்வது சரியில்லை. முப்பது வயது ஸ்டாப்பருக்கு ஒரு வருட ஒப்பந்தம். கடுங்குளிர், சேறு, பூட் போட்டே ஆக வேண்டிய லீக். மறுபக்கம் இன்னும் இரண்டு வருடத்தில் முடியப் போகும் டாக்டர் படிப்பு, இறந்துபோன அப்பாவின் சொல். இப்படி எடை போட்டால் அவர் எடுத்தது தியாகமாகத் தெரிவதைவிட நல்ல கணக்காகத் தெரிகிறது. நல்ல கணக்குப் போடத் தெரிந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

1953-ல் கோஹிமா மருத்துவமனையில் உதவி சிவில் சர்ஜனாகப் போய்ச் சேர்ந்தார். நாகா மலை துப்பாக்கிச் சத்தத்தில் இருந்த வருடங்கள் அவை. 1963 டிசம்பர் 1-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ல் இறந்தார். வடகிழக்கு மாநிலங்கள் மோதும் ஒரு கால்பந்துக் கோப்பைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அவரை அந்த மலை ஜனங்கள் கூப்பிட்டது டாக்டர் என்றுதான்.

சலீம்: வெளிநாடு

வெளிநாடு போக வேண்டும் என்று கனவு காணும் ஒவ்வொரு பையனும் முகமது சலீமைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கல்கத்தா மட்டியாபுருஜைச் சேர்ந்தவர். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர். 1936-ல் உறவினர் ஒருவர் கப்பலேற்றிக் கூட்டிப்போய், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செல்டிக் கிளப்பின் மேனேஜர் வில்லி மேலியிடம் இவரைப் பாருங்கள் என்றார். வெறுங்காலோடு ஆடுகிறவர் ஸ்காட்லாந்து புரொஃபஷனல்களோடு ஆடுவதா என்று அவர்களுக்குச் சந்தேகம். பார்த்த பிறகு சந்தேகம் போய்விட்டது. செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு இரண்டு மேட்ச் ஆடினார். மறுநாள் பத்திரிகையில் அவர் கால் விரல்களைப் பற்றி எழுதினார்கள்.

அந்த நாளைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. சலீம் உட்கார்ந்திருக்கிறார், செல்டிக்கின் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் பாதத்துக்குத் துணிக்கட்டு போட்டுவிடுகிறார். குதிகாலும் கணுக்காலும் இறுகச் சுற்றப்பட்டு, விரல்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. என் பையன்களிடம் இந்தப் படத்தைப் போனில் காட்டுவேன். பந்தோடு பேசும் இடம் அந்த விரல்கள் என்று புரிந்துகொள்ள அதைவிடப் பாடம் தேவையில்லை. சலீம் வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டிலிருந்து போனவர், குனிந்து கட்டுப்போடுபவர் வெள்ளைக்காரர். 1936-ல் எடுத்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கத் தோன்றும்.

செல்டிக் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பியது. அவர் திரும்பி வந்துவிட்டார். திறமைக் குறைவு காரணம் இல்லை, வீட்டு நினைப்புதான். அவருக்காக ஒரு காட்சி ஆட்டம் நடத்தி வசூலில் 5 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பங்கை அங்குள்ள அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து மறுபடியும் முகமதனுக்கு ஆடினார். வயதான காலத்தில், செல்டிக்குக்கு அப்பாவை இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க, வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்று மகன் ஒரு கடிதம் போட்டார். 100 பவுண்டுக்கு வங்கி வரைவோலை வந்தது. மகன் அதைப் பணமாக மாற்றாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார். சலீம் 1980-ல் இறந்தார்.

வீட்டு நினைப்பை லேசாக எண்ணக் கூடாது என்பதுதான் இதில் பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது. சலீம் போனபோது அவருக்கு முப்பதைத் தாண்டியிருந்தது, தன் ஊரில் பெரிய பெயர். அவருக்கே தாங்கவில்லை. 16 வயதுப் பையனுக்கு?

ஒரு சட்டமும் இருக்கிறது. 18 வயது ஆகாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்திருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. சாதாரணக் குடும்பத்துப் பையன் தனியாகப் போவது அதில் வராது. ஆகவே பணம் கட்டச் சொன்ன அந்த மனிதரின் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். இதே பேச்சை நம்பி, நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் பையன் அழுதுகொண்டு திரும்பி வந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளிநாட்டுக்குப் பதில் நம் நாட்டு கிளப்பை மட்டும் நம்பிப் படிப்பை நிறுத்துவதும் இதில்தான் சேரும். 2025 ஜூலையில் நாட்டின் மேல்மட்ட ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல்லின் அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. மேல்மட்ட ஆட்டக்காரர்களுக்கே அந்த நிலை என்றால் அவர்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

மன்னா: வேலை

சைலேன் மன்னா ஹவுராக்காரர், 1924-ல் பிறந்தவர். 1942-லிருந்து 1960 வரை மோகன் பகான் ஒன்றுக்கு மட்டும் ஆடினார். லண்டனில் ஆவோவின் அணியில் பின்வரிசையில் நின்றவர் இவர். ஆவோ மருத்துவம் பார்க்கப் போன பிறகு நாட்டின் கேப்டன் பட்டை இவர் கைக்கு வந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய அணிக்கு இவர்தான் கேப்டன். அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அணிக்கும் இவர்தான். வெறுங்கால் ஆட்டத்துக்கு அந்தத் தோல்வி முற்றுப்புள்ளி வைத்தது. 1971-ல் பத்மஸ்ரீ, 2012-ல் மறைவு.

ஆட்டத்தால் சாப்பாடு ஓடாத காலம் அது. மன்னா இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தார். அரசாங்கச் சம்பளம், சாயங்காலம் பிராக்டீஸ், ஊரை விட்டுப் போக வேண்டாம். மூன்று பேரில் ஆட்டத்தை அதிக நாள் முழுதாக ஆடித் தீர்த்தவர் மன்னாதான் என்று நினைக்கிறேன்.

நம் சென்னையில் இந்த வழி ஒரு தலைமுறையையே காப்பாற்றியிருக்கிறது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், போலீஸ் என்று டிபார்ட்மென்ட் டீம்களுக்கு ஆடிச் சொந்த வீடு கட்டியவர்கள் வடசென்னையில் நிறையப் பேர். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் கோட்டா என்பதை மாதச் சீட்டு மாதிரி நினைக்கக் கூடாது, காத்திருந்தால் நம் முறை வந்துவிடாது. மாநில அணிக்கு ஆடியிருக்க வேண்டும், சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும், அந்த வருடம் ஸ்டாப்பருக்கு இடம் காலியாக இருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். என் கண் முன்னால் ஆள் எடுப்பது குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது. வேலை கிடைத்தாலும் டிகிரி இருப்பவனுக்கு ஒரு படி, இல்லாதவனுக்கு ஒரு படி. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர் அதே நாற்காலியில் ஓய்வு பெறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னது

எனவே என் மனது ஆவோவின் பக்கம்தான் சாய்கிறது. பள்ளியில் சொன்ன மாதிரி பந்தை ஓரம் வைத்துவிட்டுப் படிப்பதை நான் சொல்லவில்லை. அந்த எட்டு வருடத்தைச் சொல்கிறேன்.

அவருக்கு அது எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். கல்லூரியும் கிளப்பும் ஒரே ஊரில் இருந்தன. லெக்சர் முடிந்து அன்றைக்கே மைதானம் போக முடிந்தது. வருடம் கூடினாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. முப்பது வயதில் நாட்டின் கேப்டனாகவும் மாணவராகவும் ஒருவர் இருந்திருக்கிறார். நம் வீடுகளில் 21 வயதில் டிகிரி முடியவில்லை என்றால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்?

அவருடைய காலமும் இன்றைய காலமும் ஒன்று என்றும் நான் சொல்ல மாட்டேன். இன்று எம்பிபிஎஸ் சேர நீட் எழுத வேண்டும், சேர்ந்தால் 9 வருடத்துக்குள் முடித்தாக வேண்டும், வருகைப் பதிவில் கை வைக்க முடியாது. மருத்துவமும் மேல்மட்ட ஃபுட்பாலும் ஒன்றாக என்பது இன்று நடக்காத காரியம் என்றே சொல்வேன். ஆனால் பிகாம், பிஎஸ்சி, உடற்கல்வி போன்றவற்றில் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டு, மேட்ச் நாளுக்கு அட்டென்டன்ஸ் கொடுக்கும் கல்லூரிகள் இந்த ஊரில் இருக்கின்றன. பொறியியல் சேர்க்கையில்கூட விளையாட்டுக்கு 500 இடம் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிக் கல்லூரியில் சேர்ந்தவனுக்குப் பல்கலைக்கழக அணி, மாநில அணித் தேர்வு, அங்கிருந்து மன்னாவின் வழி எல்லாமே தானாக முன்னால் வரும். 18 வயதுக்குமேல் சலீமின் வழி வந்தாலும் வரட்டும். ஆவோவின் வழியில் போனால் மற்ற இரண்டும் அடைபடுவதில்லை. மற்ற இரண்டில் எதை முதலில் எடுத்தாலும் படிப்பு அடைபட்டுவிடுகிறது. எனக்கு முடிவாகத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சம்பாதித்தே ஆக வேண்டும், அடுத்த மாத வாடகையே இவன் கையில் என்கிற வீடாக இருந்தால் மன்னாவின் வழியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், டிகிரியைத் தபால்வழியில் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வீட்டிடம் எட்டு வருடம் பொறு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அக்காவிடமும் இதைக் கேட்டேன். "கடை ஓடுது தம்பி. இவன் காசுல உக்காந்து திங்கிற அளவுக்கு இன்னும் வரல" என்றார்.

விண்ணப்பத்தைப் பெஞ்சில் விரித்தோம். ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம், காமர்ஸ் என்று முடிவானது. பள்ளி முடியும் நேரமும் சாயங்காலப் பிராக்டீஸும் இடிக்காத பள்ளியாகப் பார்த்து அதை முதலில் எழுதினோம். இதுவரை ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்கு மேல் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறதாம். இரண்டில் மாவட்ட அதிகாரியின் முத்திரை இல்லை. திங்கட்கிழமை போய் வாங்கிவிடலாம் என்றேன்.

"எட்டு வருசம்னா இவனுக்கு இருபத்தி நாலு ஆயிடும்ல?" என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"ஆமாக்கா. ஸ்டாப்பருக்கு நல்ல வயசு."

பையன் அதற்குள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு கார்னர் பக்கம் ஓடிவிட்டான்.